கையெழுத்துக்கு முன்னால்



12 ஏக்கர் நிலத்திலிருந்து தொடங்குகிறேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அப்பன், பாட்டன் வழியாக வந்த நிலம் அது. ஒரு கிணறு, வரப்போரம் வரிசையாகத் தென்னை. தாத்தா 1983இல் இறந்தார். பாட்டி, இரண்டு மாமன்கள், என் அம்மா என்று நான்கு பேர். 1986இல் ஒருநாள் பெரிய மாமா வந்து, "ஒரு கையெழுத்து வேணும் பாப்பா, கெணத்துக்கு லோன் போடணும்" என்று சொல்லி அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது 14 வயது.

அம்மா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி நிதானமாக வாசிப்பார். அன்றைக்குப் பத்திரத்தை யாரும் அவரிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. "சம்மதம்தானேம்மா?" என்று உள்ளே ஒருமுறை கேட்டார்கள். அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு இடது பெருவிரலில் மை தடவி ரேகையும் எடுத்தார்கள். வெளியே வந்ததும் மாமா ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்தார், சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், பஸ் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அம்மா பெருவிரல் மையை முந்தானையில் தேய்த்துக்கொண்டே வந்தார். "என்னம்மா எழுதிக் கொடுத்தே?" என்று கேட்டேன். "எழுதுனது எதுவா இருந்தா என்ன சாமி? எனக்குப் பொறந்த வீட்டு வாசப்படி வேணும்" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். அதில் எவ்வளவு போயிற்று என்பதைச் சட்டம் படித்த பிறகுதான் என்னால் கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்கை இப்போது உங்கள் முன் போட்டுக் காட்டுகிறேன். பெண்களின் சொத்துரிமை குறித்து அண்மை ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் எதை மாற்றின, எதைத் தொடவில்லை என்பதை அந்த 12 ஏக்கரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் மகனையும் ஒரே வகை வாரிசாகத்தான் சொன்னது. ஆனால் பூர்வீகச் சொத்துக்கு அதற்கு முன்பே ஒரு வேலி இருந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை ஆண்களுக்கு மட்டும். ஆகவே தாத்தா இறந்ததும் முதலில் அந்த நிலத்தைத் தாத்தா, இரண்டு மகன்கள் என்று மூன்று பேருக்குப் பிரித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 4 ஏக்கர். பாட்டிக்கு இந்தப் பிரிவினையில் பங்கு கிடையாது. தென்னிந்தியாவில் பழைய இந்து சட்டத்தின் வழக்கம் அது. அதன் பிறகு தாத்தாவின் 4 ஏக்கரை மட்டும் பாட்டி, இரண்டு மாமன்கள், அம்மா என்று நான்காகப் பிரிக்க வேண்டும். மாமன்களுக்கு ஆளுக்கு 5 ஏக்கர். பாட்டிக்கு 1. அம்மாவுக்கு 1. சமவாரிசு என்று சட்டப்புத்தகத்தில் அச்சடித்திருந்த பெண்ணுக்கு 12இல் ஒன்று. அந்த ஒன்றும் ஒரு பட்டுப்புடவையோடு முடிந்தது.

அதே 12 ஏக்கர், அதே ஆட்கள், இன்றைக்கு இறக்கும் ஒரு தகப்பனுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்பதால் முதல் பிரிவினை தகப்பன், இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு பேருக்கு. ஆளுக்கு 3 ஏக்கர். தகப்பனின் 3 ஏக்கரை மனைவி, மூன்று பிள்ளைகள் என்று நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 75 சென்ட். மகளுக்கு மொத்தம் 3 ஏக்கர் 75 சென்ட். மகன்களுக்கும் ஆளுக்கு அதே 3 ஏக்கர் 75 சென்ட். தாய்க்கு 75 சென்ட். தாயின் பங்கு குறைந்துவிட்டதே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. இந்தச் சீர்திருத்தத்தில் விதவைத் தாயை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஒரு ஏக்கர் எப்படி 3 ஏக்கர் 75 சென்ட் ஆனது? அதற்கான நெடுங்கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அது நாடாளுமன்றத்தில் முடங்கிப்போனது, 1951இல் அவர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு ஒரு முக்கியக் காரணம். 1956இல் வந்தது பாதிச் சட்டம். மீதியை நம் மாநிலம் 1989இல் கொண்டுவந்தது. கலைஞர் கருணாநிதி ஆட்சியில், 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வரும்படி மகளையும் பூர்வீகச் சொத்தில் பங்காளியாக்கினார்கள். ஆந்திரம் நமக்கு முன்பே செய்திருந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது: அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகிவிட்ட பெண்ணுக்கு உரிமை இல்லை.

ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு 1988 தை மாதம் கல்யாணம், தங்கைக்கு 1990 தையில் கல்யாணம் என்று வையுங்கள். தங்கை பங்காளி, அக்கா பங்காளி இல்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி இரண்டு சகோதரிகள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கல்யாணப் பத்திரிகையையும் வாங்கித் தேதியைப் பார்த்தேன். அக்காவிடம் "உங்களுக்கு இல்லைம்மா" என்று சொல்ல வேண்டி வந்தது. "நான் அப்பனுக்குப் பொறக்கலியா?" என்று அவர் கேட்டார். சட்டத்தில் அதற்கு அன்று பதில் இல்லை.

"பங்காளி" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நம் ஊரில் உறவை இரண்டாகப் பிரிப்போம்: பங்காளி, மாமன் மச்சான். பங்கு உள்ளவன் பங்காளி. அந்தச் சொல்லைப் பெண்ணுக்கு யாரும் பயன்படுத்திக் கேட்டிருக்க மாட்டீர்கள். பிறந்த வீட்டில் அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், புகுந்த வீட்டில் வேறொரு வீட்டிலிருந்து வந்தவள். சீர் உண்டு, தாய்மாமன் முறை உண்டு, பொங்கல் வரிசை உண்டு. பங்கு என்ற சொல் மட்டும் அவளை எட்டாது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் அந்தச் சொல்லை இந்தியா முழுவதும் மகளுக்கும் கொடுத்தது. அக்கா தங்கை பேதம், கல்யாணத் தேதி பேதம் எல்லாம் போயிற்று.

போயிற்று என்று நினைத்தோம். அடுத்த 15 ஆண்டுகள் நீதிமன்றங்கள் வேறொரு தேதியைப் பிடித்துக்கொண்டன. 2015இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனும் உயிரோடு இருந்திருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு கீழ் நீதிமன்றங்களில் நடந்ததை நேரில் பார்த்தவள் நான். மகளின் வழக்கு விசாரணைக்கு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து தகப்பனின் இறப்புச் சான்றிதழை நீட்டுவார். 2004 என்று தேதி இருந்தால் அத்தோடு முடிந்தது. தகப்பன் ஓராண்டு கூடுதலாக மூச்சு விட்டிருந்தால் மகளுக்கு நிலம், விடாததால் இல்லை.

2018இல் தானம்மா வழக்கில் இன்னோர் இருவர் அமர்வு, 2001இலேயே தகப்பன் இறந்திருந்த குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. ஆக, இரண்டு தீர்ப்பு, இரண்டு திசை. எந்த மாவட்ட நீதிபதி எதைப் பின்பற்றுவார்? வாய்தா மேல் வாய்தா போயிற்று. 2020 ஆகஸ்ட் 11 அன்றுதான் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையில், அப்துல் நசீர், எம்.ஆர். ஷா ஆகியோர் அடங்கிய அமர்வு. அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: மகனுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை எங்கிருந்து வருகிறது? பிறப்பிலிருந்து. மகளுக்கும் அங்கிருந்துதான் வருகிறது. பிறப்பால் வரும் உரிமைக்குத் தகப்பனின் இறப்புத் தேதி எதற்கு?

படித்த அன்று இரவு அந்தத் தீர்ப்பை மூடிவைக்க மனம் வரவில்லை. 1990களில் என் எதிரே உட்கார்ந்திருந்த அந்த அக்கா ஞாபகம் வந்தார். அப்பனுக்குப் பொறக்கலியா என்று அவர் கேட்டதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் பதில் சொல்ல 2020 ஆயிற்று. தேங்கிக் கிடந்த வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்றும் அந்தத் தீர்ப்பு கீழ் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது.

அதன் பிறகு வழக்குகளில் முதல் கேள்வி மாறிவிட்டது. முன்பு "அப்பா எப்போது இறந்தார்?" இப்போது "பாகப்பிரிவினை எப்போது ஆயிற்று, பதிவானதா?" 2004 டிசம்பர் 20 என்ற தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்த நாள் அது. அதற்கு முன் முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ, விற்றிருந்தாலோ, உயில் எழுதியிருந்தாலோ, மகள் அதைக் கிளற முடியாது. முறையாக என்றால் பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது நீதிமன்ற டிக்ரி. எங்கள் பக்கம் கூர்ச்சீட்டு என்று ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெள்ளைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் மடித்து பீரோவில் வைக்கும் பாகச் சீட்டு. வழக்கு வந்ததும் எங்கிருந்தோ ஒரு பழுப்பேறிய கூர்ச்சீட்டு முளைக்கும். அல்லது, 1990லேயே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று நாலு சாட்சி வருவார்கள். இந்த வாசலை வினீதா சர்மா தீர்ப்பு கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. வாய்மொழிப் பாகம் என்று சும்மா சொன்னால் போதாது. தனித்தனிப் பட்டா, தனித்தனி வரி ரசீது போல அரசாங்க ஆவணங்கள் அதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினால்தான், அதுவும் மிக அரிதாக, ஏற்கலாம். அண்ணன் பேரில் பட்டா இருப்பதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். குடும்ப நிலத்துக்கு மூத்த ஆண்பிள்ளை பேரில் ஒற்றைப் பட்டா இருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்தப் பட்டா மட்டும் பாகம் பிரித்ததற்குச் சாட்சி ஆகாது.

வழக்கு ஏற்கெனவே நடந்து, ஆண்களுக்கு மட்டும் பங்கு சொல்லிப் பிரிலிமினரி டிக்ரி ஆகிவிட்டாலும் கவலை வேண்டாம். பைனல் டிக்ரி ஆகாதவரை பங்கைத் திருத்திக் கேட்கலாம் என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி, நல்ல செய்தியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக ஒன்று. பூர்வீகம் என்று நாம் வீட்டில் பேசுவது வேறு, சட்டம் சொல்லும் பூர்வீகம் வேறு. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார், 1956க்குப் பின் இறந்தார், அவர் நிலம் உங்கள் அப்பாவுக்கு வந்தது என்றால், ஊர் அதைப் பூர்வீகம் என்று சொல்லும். சட்டத்தில் அது உங்கள் அப்பாவின் தனிச்சொத்து. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது, இன்றும் அதுதான் நிலை. தனிச்சொத்தை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகத்தில் தன் சொந்தப் பங்கைக்கூட உயில் எழுதலாம். 2020க்குப் பிறகு என்னிடம் உயிலுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும் வரும் தகப்பன்மார்கள் கூடிவிட்டார்கள். மகன் பேருக்கு மட்டும். சட்டம் திறந்துவிட்ட வழியைத் தகப்பனின் கை அடைக்கிறது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: "பொண்ணு கிட்டச் சொல்லிட்டீங்களா?" பலரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

மகளின் உரிமை ஏதோ 2005இல் ஆகாயத்திலிருந்து விழுந்தது என்று பேசுகிறவர்களுக்கு இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் நம் மண்ணின் வழக்குகள்.

முதலாவது, சிவகங்கை. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கௌரி வல்லப தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராக்கியது. 1829இல் அவர் இறந்ததும், அண்ணன் வழி ஆண்வாரிசுகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். கூட்டுக் குடும்பம், ஆகவே ஆண் பங்காளிக்குத்தான் என்பது வாதம். ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் இதை இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார். 1863இல் தீர்ப்பு வந்தது. ஜமீன் அவர் தந்தையின் சுயார்ஜிதம். குடும்பம் கூட்டாக இருந்தாலும், சுயமாகச் சம்பாதித்த சொத்து அண்ணன் வீட்டு ஆண்களுக்குப் போகாது, மகளுக்கு வரும் என்று சொன்னார்கள். அன்றைய சட்டப்படி ஆயுள்கால உரிமைதான். ஆனாலும் நினைத்துப் பாருங்கள்: ஒரு தமிழ்ப் பெண், கப்பலில் போன காகிதங்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட சண்டை. சிவகங்கை என்றதும் வேலு நாச்சியார் நினைவு வருகிற நமக்கு, அதே ஊரின் இன்னொரு நாச்சியாரைத் தெரியவில்லை. இந்தியா முழுக்க இந்துச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அவர் வழக்கைப் படிக்கிறார்கள்.

இரண்டாவது, 2022 ஜனவரி 20இல் தீர்ந்த அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு. ஒருவர் 1938இல் கோர்ட் ஏலத்தில் சொந்தப் பணத்தில் நிலம் எடுக்கிறார். அவருக்கு ஒரே மகள். 1956 சட்டம் வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது கீழ் நீதிமன்றத்தின் முடிவு. மகள் பிள்ளை இல்லாமல் 1967இல் இறக்கிறார். நிலம் யாருக்கு? நிலத்தை ஏலத்தில் எடுத்தவரின் சகோதரருக்கு ஒரு மகன், நான்கு மகள்கள். அந்த மகள்களில் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு 1991இல் வழக்குப் போட்டார். 1956க்கு முந்திய சாவு, எனவே நிலம் அப்போதே சகோதரரின் மகனுக்குப் போய்விட்டது, உனக்கு ஒன்றுமில்லை என்று 1994இல் விசாரணை நீதிமன்றம் சொன்னது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண முராரி எழுதிய தீர்ப்பு பழைய ஸ்மிருதிகள், உரைகள், பழைய தீர்ப்புகள் எல்லாவற்றையும் எடுத்து அலசியது. முடிவு: ஆண்பிள்ளை இல்லாத இந்துவின் சுயார்ஜிதச் சொத்து, 1956க்கு முன்பும் மகளுக்குத்தான் வாரிசுரிமையாகப் போகும். அந்த மகள் வழியாக அது அவள் தகப்பன் வழி வாரிசுகளுக்கு, பெண்கள் உட்பட, சமமாக வந்தது. ஐவருக்கும் ஐந்தில் ஒன்று.

வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வர 31 ஆண்டுகள். அவ்வளவு காலம் நீதிமன்றப் படியேறியவர்களில் எத்தனை பேர் அந்த நாளைப் பார்க்க இருந்திருப்பார்கள்? தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே, மேல்முறையீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில், இறந்துவிட்டார், சட்டப்படியான வாரிசுகள் மூலம் என்றுதான் அச்சாகியிருக்கிறது. பெண்ணுக்கு உரிமை இருந்தது, அந்த உரிமை இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு தலைமுறை ஆயிற்று.

இந்துக்கள் அல்லாத பெண்களைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. மேரி ராய் 1986இல் வென்ற வழக்கை மட்டும் சொல்கிறேன். மகனுக்குக் கிடைப்பதில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

ஆனால் நம் சேலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இருக்கும் மலையாளிப் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். ஆக, நான் இதுவரை சொன்ன 3 ஏக்கர் 75 சென்ட் மலை மேல் இருக்கும் மகளுக்கு இல்லை. அங்கே வழக்கம்தான் சட்டம். 2025 ஜூலை 17 அன்று ராம் சரண் எதிர் சுக்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு வெளிச்சத்தைப் போட்டது. கோண்டு பழங்குடிப் பெண்ணின் வாரிசுகள் தாய்வழித் தாத்தா சொத்தில் பங்கு கேட்டார்கள். பெண்ணுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு என்று நீ நிரூபி என்று கேட்டுவிட்டுக் கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. நீதிபதிகள் சஞ்சய் கரோல், ஜாய்மால்யா பக்சி அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்ற வழக்கம் இருந்தால் அதை மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதபோது, பெண் என்பதற்காக மட்டும் ஒதுக்குவது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது. யார் நிரூபிக்க வேண்டும் என்பதை மாற்றினாலே பாதி வழக்கு மாறிவிடும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதை மலையேறிப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மனைவி?

2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கண்ணையன் நாயுடு எதிர் கம்சலா அம்மாள். 1965இல் கல்யாணமான தம்பதி. கணவர் 1980களில் சவுதி அரேபியாவுக்கு வேலைக்குப் போனார், பத்தாண்டுக்கு மேல் அங்கே இருந்து பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார், வீட்டைப் பார்த்தார், அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார். திரும்பி வந்தவருக்கும் மனைவிக்கும் பிணக்கு. பணம் என்னுடையது, சொத்தெல்லாம் என்னுடையது என்று வழக்கு. வழக்கு நடக்கும்போதே கணவர் இறந்தார், பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள்.

சமையல், கணக்கு, மருந்து, பள்ளிக்கூடம், உறவு என்று விடுமுறையே இல்லாமல் மனைவி செய்த வேலையால்தான் கணவரால் தூரதேசத்தில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது என்றார் நீதிபதி. வழக்குச் சொத்துகளில் இரண்டில் மனைவிக்குச் சரிபாதி என்று தீர்த்தார். இல்லத்தரசியின் பங்களிப்பை அங்கீகரிக்க இந்தியாவில் நேரடிச் சட்டம் ஒன்றும் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சட்டம் இல்லை என்பதற்காக நீதிபதி கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதும் இல்லை என்றார்.

நீதிமன்றங்கள் இந்த உழைப்பை இதற்கு முன்பும் மதிப்பிட்டிருக்கின்றன, ஆனால் செத்த பிறகு. விபத்தில் இல்லத்தரசி இறந்தால் இழப்பீடு கணக்கிட அவளுக்கு ஒரு மாத வருமானம் வைக்க வேண்டுமே! 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா, சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்ற அரசாங்கக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். லாரி மோதிய பிறகுதான் அந்த ஐந்து மணி நேரத்துக்கு விலை உண்டு என்றிருந்த நிலையை, உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு மாற்றியது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அது ஒரு தனி நீதிபதி இரண்டாம் மேல்முறையீட்டில் சொன்னது. அதை நம்பி நாளைக்கே கணவன் சொத்தில் பாதி கேட்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்று சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். 1989இல் தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்கவில்லை. இதிலும் காத்திருக்க வேண்டாம் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இத்தனை தீர்ப்புகளும் நீதிமன்றம் வரை வந்த பெண்களுக்கு. என் 30 ஆண்டு அனுபவத்தில், பங்கை இழந்த பெண்களில் பெரும்பாலோர் நீதிமன்ற வாசலையே மிதித்ததில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அரைமணி நேரத்தில் இழந்தார்கள். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடியும், வாரிசுச் சான்றிதழ் வரும், அதில் மகள் பேர் இருக்கும். பேர் இருப்பதால்தான் அவளைத் தேடி வருவார்கள். "ஒரு கையெழுத்து."

அந்தக் கையெழுத்தின் பலம் என்ன என்பதற்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு தமிழ்நாட்டு வழக்கு இருக்கிறது. ஏழுமலை எதிர் கமலா. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, மூத்த தாரத்து மகன் பணம் வாங்கிக்கொண்டு 1975இல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவருடைய தனிச்சொத்தில் பிள்ளைக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டும்தான், எதிர்பார்ப்பை எழுதிக் கொடுக்க முடியாது என்பது பொதுவான சட்டம். ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு எழுதிய பிறகு திரும்பி வந்து கேட்க முடியாது, அவர் பிள்ளைகளாலும் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே எழுதியவர் ஆண். பெண் எழுதினாலும் இதே விதிதான். உங்கள் கையெழுத்து உங்கள் பிள்ளைகளையும் கட்டிப்போடலாம்.

ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றால் ரத்துசெய்யக் கேட்கலாம். ஆனால் ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வர வேண்டும். கையெழுத்தே போடாதவருக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. அண்ணன் தனியாக அனுபவித்து வருகிறார் என்ற ஒன்றாலேயே உங்கள் பங்கு அழிந்துவிடாது. உனக்குப் பங்கில்லை என்று அவர் வெளிப்படையாக மறுத்து, நீங்கள் அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் 12 ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கும். அதனால், மறுத்தார் என்றால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அண்ணன் அந்த நிலத்தில் உழைத்திருப்பான், அப்பா அம்மாவை வைத்துப் பார்த்திருப்பான். தங்கைக்கு மனம் இருந்தால் விட்டுக்கொடுக்கட்டும். ஆனால் கொடுப்பது இன்னது, இவ்வளவு, இன்ன மதிப்பு என்று தெரிந்து கொடுக்கட்டும். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரிரவு வைத்து வாசிக்கட்டும். அதில் பெற்றுக்கொண்ட தொகை என்று எழுதியிருப்பது நிஜமாகக் கைக்கு வந்ததா என்று பார்க்கட்டும். எத்தனையோ பத்திரங்களில் லட்சக்கணக்கில் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கும், வந்தது ஒரு புடவையாக இருக்கும்.

என் அம்மா எழுதிக் கொடுத்ததற்கு மறு ஆண்டு மாமன்கள் பதிவுசெய்த பத்திரத்தில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். எனவே 2005 சட்டமோ 2020 தீர்ப்போ அவருக்கு எதுவும் செய்ய முடியாது. அதை அவரிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு ஏக்கரா இருந்துச்சா?" என்றார். அது போனதைவிட, இருந்ததே தெரியாமல் போனதுதான் அவருக்கு வலித்தது. அந்தப் பட்டுப்புடவையை அவர் அதற்குப் பிறகு கட்டி நான் பார்க்கவில்லை.

உங்களில் சிலர் கையில் மஞ்சப்பையில் பத்திரங்களோடு வந்திருப்பதை உள்ளே வரும்போதே கவனித்தேன். கூட்டம் முடிந்ததும் இந்த மேசையை முன்னால் இழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். இருட்டும்வரை இங்கேதான் இருப்பேன். வருகிறவர்கள் வாரிசுச் சான்றிதழையும் வில்லங்கச் சான்றையும் அடியில் வையுங்கள். நிலம் முதன்முதலில் யார் பேரில், எந்த வருஷம் வந்தது என்று சொல்லும் பழைய பத்திரத்தை மேலே எடுத்து வையுங்கள். அதிலிருந்து ஆரம்பிப்போம்.